சாக்பீஸ் வீடு

ஜனவரி 14

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

நம் ஒப்பந்தப்படி சாப்பாடு, தூக்கம், சளி, இருமல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில். வீடு, கடன், தவணை எல்லாம் கடிதத்தில். ஃபோனில் பணப் பேச்சை எடுத்தால் நாலாவது நிமிஷம் நம்மில் ஒருவர் "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. கோபமாக ஆரம்பித்தாலும் தபால்தலை ஒட்டுவதற்குள் பாதி ஆறிவிடுகிறது. இந்த யோசனை உன்னுடையது. நல்ல யோசனைதான் என்று இரண்டு வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள், இன்னொரு தடவை எழுதித் தரமாட்டேன்.

வங்கித் தாளின் நகல் வந்தது. கடனின் அசல் தொகை நான் நினைத்ததைவிட வேகமாகக் குறைந்திருக்கிறது. கண்ணாடிக் கடைச் சம்பளத்தில் எப்படி இவ்வளவு மிச்சம் பிடிக்கிறாய்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறாய் என்று தெரிந்தால் அடுத்த மாதம் ஒரு காசு அனுப்பமாட்டேன், சொல்லிவிட்டேன்.

இங்கே நேற்று ஒரு பையனுக்கு லீவு மறுத்தார்கள். அவன் அதிகாரி முன்னால் நின்று "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டியதைப் பார்த்தேன். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் அப்படித்தான் மூன்று நாள் நின்றேன். நாலாவது நாள் லீவு கொடுத்தார்கள், அப்போது அப்பா இல்லை. அன்றைக்குத்தான் நீ சொன்னாய், "நாம யாருக்கும் தலையாட்ட வேண்டாத ஒரு நாள் வரணுங்க" என்று. பன்னிரண்டு வருஷக் கடனை ஆறே வருஷத்தில் அடைத்துவிட்டால் அந்த நாள் வந்துவிடும். இன்னும் நாலு வருஷம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்.

இனி ஒரு ரகசியம். சிரிக்கக் கூடாது.

பெரிய தொட்டிகள் கட்டும்போது தகட்டை வெட்டுவதற்கு முன்னால் கொட்டகைத் தரையில் சாக்பீஸால் அதை முழு அளவில் வரைவோம். அந்த வரைகிற ஆள் நான்தான், உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கொட்டகை காலியாகக் கிடக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் வீட்டை வரைந்துவிட்டேன். முழு அளவில், அடிக்கு அடி. சாவி வாங்கி ஒன்பதாவது நாள் வண்டி ஏறியவன், லீவும் காசும் பார்த்து இன்னும் ஊர்ப்பக்கம் வரவில்லை. ஆனால் கிளம்புவதற்குள் கூடத்தையும் படுக்கை அறையையும் அளந்து நோட்டில் எழுதியிருந்தேன். அதை வைத்துத்தான் வரைந்தேன். மூன்று வாரமாக ஞாயிறு மத்தியானம் என் டீயைக் கூடத்தில் உட்கார்ந்து குடிக்கிறேன்.

நம் ஊர்க் கிரேன்காரர் வந்தார். படுக்கை அறைச் சுவருக்குள் புகுந்து நடந்து வந்தார். "அண்ணே, வாசல் அந்தப் பக்கம்" என்றேன். மனிதர் திரும்பிப் போய் வாசல் வழியாக வந்து, "செருப்பைக் கழட்டணுமாப்பா?" என்று கேட்டார். கழட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சமையலறை மட்டும் குறை. அப்போது அதில் சிமென்ட் மூட்டையும் மிச்ச டைல்ஸும் அடுக்கிக் கிடந்தன, அளக்க முடியவில்லை. நீளம் எவ்வளவு, பாத்திரம் கழுவும் தொட்டி மூலையிலிருந்து எத்தனை அடி, ஜன்னல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அளந்து எழுது. சமையலறை இல்லாத வீட்டில் எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது?

உன்
பட்டறைக்காரன்


ஜனவரி 26

என்னங்க,

சிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். கடையில் வைத்துப் படித்தேன். முதலாளி, "என்னம்மா, கண்ணுல தண்ணி வருது, பவர் ஏறிப்போச்சா?" என்று கேட்டார். நாற்பத்து மூன்று வயசு மனிதர் தரையில் கோடு போட்டு வீடு விளையாட்டு விளையாடுகிறார் என்று அவரிடம் சொல்ல முடியுமா? தூசி விழுந்துவிட்டது என்றேன்.

அந்த வீட்டில் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன்? அதை நீங்கள் எழுதவே இல்லை. கிரேன்காரருக்கு இடம் கொடுத்தீர்கள், எனக்கு ஒரு மூலை ஒதுக்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடையில் வழக்கம்போல்தான். நேற்று ஒரு அம்மா மூக்கில் கண்ணாடி நிற்கவில்லை என்று நாலாவது தடவையாக வந்தார். மூக்குத் தாங்கியை வளைத்து வளைத்து என் விரல் வீங்கிவிட்டது. கடைசியில் பார்த்தால் அது அவர் வீட்டுக்காரருடைய கண்ணாடி.

மிச்சம் பிடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு ஆளுக்கு என்ன செலவு? நீங்கள் இல்லாததால் டீத்தூளே பாதியாகிவிட்டது.

சமையலறை பத்தடி நீளம். தொட்டி இடது மூலையிலிருந்து இரண்டடி. ஜன்னல் தொட்டியை ஒட்டி வலது சுவரில் இருக்கிறது, மூன்றடி அகலம். போதுமா? இதற்குமேல் என்னை மேஸ்திரி ஆக்காதீர்கள்.

ராத்திரி சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டுப் படுக்காதீர்கள்.

நான்தான்


பிப்ரவரி 5

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

உன் மூலையைப் பற்றிக் கேட்டாய். கூடத்து ஜன்னலுக்குக் கீழே சின்னதாக ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். அது உன் நாற்காலி. அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. கிரேன்காரர் ஒரு நாள் தெரியாமல் மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் உன் சமையலறை ஒத்துவரவில்லை.

பத்திரத்தில் இருக்கும் வரைபடப்படி வீட்டின் மொத்த நீளம் முப்பத்திரண்டு அடி. கூடம் பன்னிரண்டு, படுக்கை அறை பத்து, சுவர்களின் கனம் எல்லாம் சேர்த்து இரண்டு. மிச்சம் எட்டு. நீ பத்து என்கிறாய். நீ சொன்னபடி வரைந்தால் நம் அடுப்பு இரண்டடி தள்ளி, பக்கத்துக் காலி மனையில் நிற்கிறது. அதுகூடப் பரவாயில்லை, பக்கத்து மனைக்காரனிடம் பேசிக்கொள்ளலாம். ஜன்னலை வலது சுவரில் வைத்தாய் பார், அதுதான் அபாரம். வலது சுவருக்கு அந்தப் பக்கம் நம் படுக்கை அறை. நீ தாளிக்கும்போது நான் கட்டிலில் படுத்தபடி எட்டிப் பார்த்து "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்கலாம்.

இதை எழுதிச் சிரித்துவிட்டுத்தான் படுக்கப் போனேன். படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

தினமும் சமைக்கிற இடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒருத்திக்குத் தெரியாமல் போகுமா? கண்ணாடி லென்ஸில் நூலிழைக் கோணலைக் கண்டுபிடிக்கிறவள் நீ. போன ஞாயிறு ஃபோனில் ஒரு குழந்தை அழுதது. "பக்கத்து வீட்டுக் குழந்தை" என்றாய். பக்கத்தில் காலி மனை, அந்தப் பக்கம் தெரு. எந்தப் பக்கத்து வீடு?

எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. வீட்டில்தான் இருக்கிறாய் அல்லவா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எதுவாக இருந்தாலும் எழுது. நான் திட்டமாட்டேன். திட்டினாலும் தபால்தலை ஒட்டுவதற்குள் ஆறிவிடுவேன்.

உன்
பட்டறைக்காரன்


பிப்ரவரி 17

நீங்கள் அளவெடுத்தது போதும். இப்போது நான் கேட்கிறேன்.

புதன்கிழமை உங்கள் கிரேன்காரருடைய மனைவி படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் பாட்டுக்குச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர்தான் வேண்டாம்னுட்டாராமே. எங்காளுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்திருந்தா ஓடி வந்திருப்பாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன செய்யறது, அவர் கணக்கு அவருக்கு" என்றேன். நல்லவேளை, அவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல்.

செப்டம்பரிலேயே உங்களை இந்த ஊர்க் கிளைக்கு மாற்றுகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். ஐந்து மாதம். இருபது ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறோம். இருமல் மருந்து எந்தக் கலர் என்றுகூடக் கேட்டேன், சொன்னீர்கள். இதைச் சொல்லவில்லை.

தரையில் எனக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதுவே போதும் என்று நினைத்துவிட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்ய வேண்டாம். எழுதுங்கள்.


பிப்ரவரி 24

உனக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். செய்யவில்லை.

உண்மைதான். செப்டம்பர் ஆறாம் தேதி கூப்பிட்டுக் கேட்டார்கள். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறையும். யோசிக்க ஒரு நாள் கொடுத்தார்கள். நான் ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் நான் பெரிய தியாகி என்று நினைக்காதே. பயந்தேன்.

பதினொரு வருஷத்தில் எட்டு வீடு மாறினோம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் முதல் நாள் சொன்ன முதல் வார்த்தை "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது." நம் கல்யாணப் படம் பதினொரு வருஷமும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. சொந்த வீடு என்று வந்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடன் இருக்கிறவரைக்கும் அதுவும் யாரோ ஒருவருடைய வீடு, ஒரு தவணை தவறினால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஆறு வருஷம் என்பதை ஏழாக்கவும் மனசு வரவில்லை. சொன்னால் நீ "வந்துடுங்க" என்பாய். நீ ஒரு தடவை சொன்னால் நான் வந்துவிடுவேன். அதனால்தான் சொல்லவில்லை.

இது பெரிய தப்பு. உன் நாலு வருஷத்தையும் சேர்த்து நான் ஒருவனே முடிவு செய்துவிட்டேன். அந்த அதிகாரி என் அப்பாவின் மூன்று நாளை முடிவு செய்த மாதிரி.

இப்போது நீ சொல். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தச் சமையலறையில் நீ சமைக்கவில்லை, அது எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறாய்?


மார்ச் 9

என்னங்க,

இந்தக் கடிதத்தோடு இரண்டு நூல் வைத்திருக்கிறேன். வெள்ளை நூல் கடையில் பொட்டலம் கட்டுகிறது. கறுப்பு, கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற கயிற்றுச் சுருள். என்ன என்று கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே விரித்துப் பார்த்துச் சிக்காக்கி வைக்காதீர்கள்.

நான் நம் வீட்டில் இல்லை. நம் வீட்டுக்கு மேலே இருக்கிறேன். மொட்டை மாடியில் தட்டுமுட்டுச் சாமான் போட ஒரு அறை இருக்கிறதே, தகரக் கூரை போட்டது, அதில். பதினொரு மாதமாக. கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வாத்தியார். மனைவி, ஒரு சின்னக் குழந்தை. நீங்கள் கேட்ட அழுகை அந்தக் குழந்தையுடையது. பக்கத்து வீடு என்றது பொய். கீழ் வீடு.

போன வருஷம் ஒரே மாதத்தில் இரண்டும் நடந்தது. வங்கியில் வட்டியை ஏற்றினார்கள். கடையில் முதலாளி என்னை அரை நாளைக்கு வந்தால் போதும் என்று சொல்லி, சம்பளத்தையும் பாதியாக்கினார். உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாதா? தொட்டி உச்சியில் தொங்கிக்கொண்டு செய்கிற வேலைக்குக் கூலி அதிகம், அதைக் கேட்டு வாங்குவீர்கள். அந்த வேலையில் கையை முறித்துக்கொண்டவரைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே வாடகைக்கு விட்டேன். ஆறு வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போகக் கூடாது என்று எனக்கும் வெறி. நீங்கள் செப்டம்பரில் செய்ததை நான் அதற்கு முந்தின ஏப்ரலிலேயே செய்துவிட்டேன். அதனால் பதினேழாம் தேதி எழுதிய கடிதத்தில் இருந்த கோபத்தில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி உங்களுக்குத்தான்.

நீங்கள் அளவு கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழே போய்க் கேட்க வெட்கம். நினைவிலிருந்து எழுதினேன். நான் அந்தச் சமையலறையில் ஒன்றேகால் வருஷம் சமைத்தேன் என்றுதான் பேர். சாமான்கள் நடுவில் ஏதோ ஒரு மூலையில் அடுப்பை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அதை வீடு என்று பார்க்கவே எனக்கு நேரம் இருந்ததில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் கீழே போனேன். நம் கதவை நானே தட்டினேன். அந்தப் பெண் திறந்தாள். "கொஞ்சம் சமையலறையை அளந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வாங்கக்கா, உங்க வீட்டுக்கு நீங்க கேட்டுட்டு வரணுமா?" என்றாள். வாய் அப்படிச் சொன்னது. கை அதற்குள் கொடியில் கிடந்த துணியை இழுக்கிறது, தரையில் கிடந்த கிலுகிலுப்பையைக் காலால் தள்ளுகிறது, சுவரில் குழந்தை கிறுக்கினதைத் தன் முதுகால் மறைக்கிறது. நான் நூலைப் பிடித்து அளக்கிறேன், அவள் பின்னாலேயே வருகிறாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்:

"காலி பண்ணச் சொல்லப் போறீங்களாக்கா? குழந்தைக்கு இப்பதான் இந்த இடம் பழகிச்சு."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என்னுடைய குரல். எட்டு வீட்டிலும் நான் இப்படித்தான் கேட்டிருக்கிறேன். கூடத்தில் அவர்கள் கல்யாணப் படம் சுவரில் ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது. ஒரு மூலை கழன்று தொங்கியது.

"காலியெல்லாம் பண்ண வேண்டாம். என் வீட்டுக்காரர் கேட்டார், அதான் அளக்கறேன்" என்றேன். அப்புறம் சொன்னேன், "அந்தப் படத்துக்கு ஒரு ஆணி அடிச்சுக்கோம்மா."

அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "நிஜமாவாக்கா?" என்றாள். சுத்தியல் வாங்க என்னோடேயே மாடிக்கு வந்தாள். என் அறையை அப்போதுதான் முதல் முதலாகப் பார்த்தாள். சாயங்காலம் ஒரு பாத்திரத்தில் சூடாகச் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் ஒரு வீட்டுக்காரி என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. வங்கித் தாளைப் பார்த்து ஒரு தடவைகூட அப்படித் தோன்றியதில்லை.

வெள்ளை நூல் சமையலறை. கடையில் என்னிடம் இருப்பது ஆறங்குல ஸ்கேல், அதனால் நூலாலேயே அளந்தேன். நூலின் ஒரு நுனி இடது மூலை. முதல் முடிச்சு தொட்டி. இரண்டாவது, மூன்றாவது முடிச்சுக்கு நடுவில் ஜன்னல், தெருப் பக்கச் சுவரில். மறு நுனி வலது மூலை.

கறுப்பு நூல் என் அறை. ஒரு முடிச்சு வரைக்கும் நீளம், மிச்சம் அகலம். அதை எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இனிமேல் உங்களுக்குத் தெரியாமல் ஒரு அடிகூட இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

நான்தான்


மார்ச் 20

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

வெள்ளை நூலை இடது மூலையில் ஆணி வைத்துப் பிடித்து இழுத்தேன். மறு நுனி சரியாகப் படுக்கை அறைச் சுவரில் போய் நின்றது. எட்டடி. ஜன்னல் தெருவைப் பார்த்தது. வீடு முடிந்துவிட்டது. கிரேன்காரர் கைதட்டினார்.

கறுப்பு நூல் என்ன என்று அவர் கேட்டார். மாடி அறை என்றேன். மாடியைத் தரையில் எங்கே வரைவது? வீட்டுக்குப் பக்கத்தில், அந்தக் காலி மனையில் வரைந்தேன். எட்டுக்கு ஏழு. நான் வரைந்த தொட்டிகளில் ஒருவர் உள்ளே புகுந்து துடைப்பதற்கு ஒரு வாய் வைப்போம், எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. அதற்குள் போய்ப் படுத்துப் பார்த்தேன். அடுப்பு, துணிப்பெட்டி, தண்ணீர்க் குடம், நீ. எங்கே கால் நீட்டுவாய்?

அழுதேன். மறைக்கவில்லை. கிரேன்காரர் எழுந்து வாசல் வழியாக வெளியே போய்விட்டார். செருப்பைக்கூட வெளியே போய்த்தான் மாட்டினார்.

நான் அனுப்புகிற பணத்தில் நீ வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாய் என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தகரத்துக்குக் கீழே. நான் பெட்டி மேல். வீடு நடுவில் தனியாகக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை அதிகாரியிடம் போனேன். செப்டம்பரில் சொன்ன இடம் இப்போது இல்லையாம். பழுது பார்க்கிற பிரிவில் ஒரு இடம் மே மாதம் காலியாகிறது. சம்பளம் அப்போது சொன்ன மாதிரிதான், மூன்றில் ஒரு பங்கு குறைவு. "வேணுமா?" என்றார். நான் தலையாட்டினேன். இத்தனை வருஷத்தில் ஆட்டிய தலையில் இது ஒன்றுதான் எனக்கு உறுத்தவில்லை.

ஆனால் கையெழுத்துப் போடவில்லை. ஏப்ரல் பத்தாம் தேதி வரை நேரம் வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை நான் மட்டும் முடிவு செய்யப் போவதில்லை. கீழ் வீட்டு வாடகை வந்துகொண்டிருந்தால் கடன் ஒன்பது வருஷத்தில் முடியும். அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு நாம் கீழே போனால் பன்னிரண்டு. ஆறு என்பது போய்விட்டது. உனக்கு அந்த ஆறு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். நீ வேண்டாம் என்றால் நான் இங்கேயே இருந்து முடித்துவிட்டு வருகிறேன். மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

உன்
பட்டறைக்காரன்


மார்ச் 27

என்னங்க,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

பொய் சொல்லக் கூடாது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கதவுக்குப் பின்னால் சுவரில், கீழே இருந்த மாதங்களையும் சேர்த்து, மாதத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். எழுபத்திரண்டு கோடு ஆனால் முடிந்தது. இருபத்தாறு கோட்டை எவ்வளவு சிரமப்பட்டு அடித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அதன் கூட இன்னும் முப்பத்தாறு என்றால் சுவரே போதாது.

அப்புறம் யோசித்தேன். அந்த நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடன் இல்லை, யாருக்கும் தலையாட்ட வேண்டாம். அன்றைக்குக் காலையில் நான் என்ன செய்வேன்? ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். எழுந்திருப்பேன். இரண்டு டம்ளர் டீ போடுவேன். உங்களை எழுப்புவேன். அவசரம் இல்லாமல் உட்கார்ந்து குடிப்போம். அதற்குமேல் எனக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் பேனாவைக் கடித்தாலும் அவ்வளவுதான் வந்தது.

அதற்கு ஆறு வருஷம் தேவையில்லை. இன்னொரு டம்ளர் தேவை. நேற்று வாங்கிவிட்டேன்.

கீழே இருப்பவர்கள் இருக்கட்டும். ஆணி அடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதமே படத்தைக் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாம் இரண்டே பேர். மேலே இருந்து கடனை அடைப்போம். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயசில் அவர்களே பெரிய இடம் பார்ப்பார்கள். அப்போது நாம் படி இறங்கிக்கொள்ளலாம். மழை பெய்தால் தகரத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. சண்டை போட வசதியாக இருக்கும்.

கையெழுத்துப் போடுங்கள். வந்துடுங்க.

நான்தான்


ஏப்ரல் 15

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

போட்டுவிட்டேன். மே இரண்டாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். நீ கடைக்குப் போவதற்கு முன்னால் வந்துவிடுவேன்.

இந்த ஞாயிறு வீட்டைத் துடைத்தோம். நான் ஈரச் சாக்கைப் பிடித்தேன், கிரேன்காரர் தண்ணீர் ஊற்றினார். கூடம், படுக்கை அறை, அவ்வளவு பாடுபட்ட சமையலறை, எல்லாம் பத்து நிமிஷத்தில் போய்விட்டது. உன் வட்டத்தைத் துடைக்க மட்டும் கொஞ்சம் தயங்கினேன். கிரேன்காரர், "அதான் நேர்லயே போறியே, அழிப்பா" என்றார்.

மாடி அறையை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், வேலை இருக்கிறது. உன் அடுப்பு, பெட்டி, குடம் எல்லாவற்றையும் நீ ஃபோனில் சொன்ன இடத்தில் வரைந்து, ஆறடிக்கு நாலடி ஒரு கட்டிலையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் உட்காருகிறது. கதவுதான் இடம் கொடுக்கவில்லை. அது உள்பக்கம் திறக்கிறது. கட்டிலைப் போட்டால் கதவு பாதியில் இடித்து நின்றுவிடும், நான் பக்கவாட்டில் நுழைய வேண்டும். உன் கணவன் இரண்டு வருஷம் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்ட ஆள், பக்கவாட்டிலும் சிரமம்தான்.

வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி கீலை மாற்றினால் சரியாகிவிடும். நான் வந்து மாற்றுகிறேன். நீ அதில் கை வைக்காதே. கதவு கனம், காலில் போட்டுக்கொள்வாய்.

உன்
பட்டறைக்காரன்


ஏப்ரல் 24

என்னங்க,

கை வைக்காதே என்று நீங்கள் எழுதினால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

கீழ் வீட்டு வாத்தியார் கதவைத் தாங்கிப் பிடித்தார். அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் சாயுதுக்கா, அந்தப் பக்கம் சாயுதுக்கா" என்று வழி சொன்னாள். கண்ணாடிக்குத் திருகாணி முடுக்குகிற கைக்குக் கீல் என்ன பெரிய வித்தை? கொஞ்சம் உரசுகிறது, வந்து இழைத்துக்கொடுங்கள். கதவுக்குப் பின்னால் போட்ட கோடெல்லாம் இப்போது எப்போதும் தெரிகிறது. சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறேன், அதையும் நீங்கள்தான் அடிக்க வேண்டும்.

ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தேதி மாடிப்படி ஏறி வந்ததும் கதவை ஒட்டி நிற்காதீர்கள், இரண்டடி தள்ளி நில்லுங்கள். செருப்புச் சத்தம் கேட்டதும் திறந்துவிடுவேன், மூக்கில் இடித்துவிடும்.

நான்தான்